ரயிலை விட்டு இறங்கினால் மழைக்காடு: சிங்கப்பூரில் காட்டு நடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்ட எங்கள் வீட்டில் ஒரு வரிசை உண்டு. முதல் நாள் லிட்டில் இந்தியாவின் தேக்கா, இரண்டாம் நாள் மெரினா பே, மூன்றாம் நாள் முஸ்தபா கடை. நான்காம் நாள் கால் வலிக்கிறது என்று எல்லாரும் சோபாவில் சாய்ந்துவிடுவார்கள். என் மாமனார் மட்டும் இரண்டாம் நாளே சலித்துக்கொண்டார். "கட்டடமாவே இருக்கே மாப்பிள்ளை, இந்த ஊர்ல மரம் மட்டை ஏதும் கிடையாதா?"

மறுநாள் காலை ஏழேகாலுக்கு அவரை புக்கிட் தீமா காட்டுக்குள் நிறுத்தியிருந்தேன். வாடகைக் கார் எடுக்கவில்லை. ரயிலில் போய், இறங்கி, பதினைந்து நிமிடம் நடந்தோம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயணத்தில் நான் செய்த தவறுகள் கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பிறகும் பலரைக் கூட்டிப் போனதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இது பூங்காவில் நட்டு வளர்த்த காடு இல்லை. புக்கிட் தீமாவில் வெட்டப்படாத ஆதிக்காட்டின் மிச்சம் இன்னும் நிற்கிறது. 1854இல் இங்கே வந்து தங்கிய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ், இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத ஒரே காட்டுத் துண்டில் கிடைத்தவை. அப்போது இங்கே புலி இருந்தது. புலிக்கு வெட்டிய குழிகளைப் பார்த்து நடக்க வேண்டியிருந்ததாகவும் எழுதியிருக்கிறார். இன்றைக்குப் புலிக்குப் பதில் குரங்கு. குரங்குக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஈரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர். "இதுக்கா இவ்வளவு பேச்சு? எங்க ஊர் மலைக்கோட்டையில இன்னும் கொஞ்சம் படி சேர்த்தா போச்சு" என்றுதான் மாமாவும் சொன்னார். முக்கால்வாசி ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது.

உயரமோ தூரமோ இங்கே ஆளைச் சாய்ப்பதில்லை, சாய்ப்பது ஈரம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி இருக்கும். மரங்களுக்குள் காற்றோட்டமும் கிடையாது. வியர்வை வரும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நடந்து பழகியவர்களும் இங்கே தடுமாறுவது இதனால்தான். ஊரில் பத்து கிலோமீட்டர் நடக்கிறவர் என்றால் இங்கே முதல் தடவை ஐந்தாறு கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

சிங்கப்பூரில் மழைக்காலம் என்று தனியாக ஒதுக்கிச் சொல்ல முடியாது, வருடம் முழுக்கப் பெய்யும். ஆனாலும் வித்தியாசம் உண்டு. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஓரளவு காய்ந்திருக்கும், நடைக்கு என் முதல் தேர்வு அதுதான். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெயில் பளிச்சென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும்.

இதனால் நேரக் கணக்கு எளிது. காலை ஏழு மணிக்கு நுழைவது, பதினொரு மணிக்குள் வெளியே வருவது. இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், பாதைகளுக்கும் காலை 7 முதல் மாலை 7 வரைதான் அனுமதி. ஆறு மணிக்கே போய் இருட்டில் நிற்க வேண்டாம். ஆறு மணிவாக்கில் ரயில் ஓடத் தொடங்கிவிடுவதால் ஏழுக்குப் போய்ச் சேர்வதில் சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் ரயில் கொஞ்சம் தாமதம்.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஒரு விதிவிலக்கு உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து 'சுமத்ரா' என்று பெயர் வைத்திருக்கிற சூறைக்காற்று மழை, விடியலுக்கு முன்னாலோ காலையிலோ திடீரென்று வந்து மோதும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் பெய்துவிட்டுப் போய்விடும். கிளம்பும் முன் கைப்பேசியில் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு நகர்ந்து வந்தால் இன்னொரு காபி போட்டுக்கொள்ளலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். "அரை லிட்டர் போதும், வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காட்டுக்குள் கடை கிடையாது. நான் ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரும், இன்னொன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் துளி சர்க்கரையும் போட்டும் கொண்டுபோவேன். இரண்டாவது பாட்டிலின் அருமை எட்டாவது கிலோமீட்டரில் தெரியும்.

உடையில் ஜீன்ஸும் பருத்தி பனியனும் கூடாது. பருத்தி நல்லது என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள். காற்றடிக்கிற ஊரில் அது சரி. இங்கே நனைந்த பருத்தி கடைசிவரை காயாமல் கனக்கும், தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கும். விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய செயற்கை இழைச் சட்டையே போதும். செருப்பு வேண்டாம். ஈரமான பலகைப் பாதை பாசி பிடித்த கிணற்றடி மாதிரி வழுக்கும், அடியில் வெட்டு ஆழமாக உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மாமா அன்றைக்குத் தோல் செருப்போடுதான் வந்தார். ஏறும்போது சமாளித்தார். இறங்கும்போது என் தோளைப் பிடித்தவர் கீழே வரும்வரை விடவில்லை.

கொசு விரட்டும் களிம்பு அவசியம், டெங்கு இங்கே உண்மையான கவலை. கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, மாற்றுச் சட்டை ஒன்று, சின்னத் துண்டு. மாற்றுச் சட்டை எதற்கு என்று கேட்பவர்கள், நனைந்த சட்டையோடு குளிரூட்டிய ரயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாம் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் போக வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை கூடவே கூடாது.

ரயில் கணக்கு

தொடுகை வசதியுள்ள வங்கி அட்டை இருந்தால் தனியாகப் பயண அட்டை வாங்க வேண்டியதில்லை. ரயில் வாசலிலும் பேருந்திலும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தொட்டே போகலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. நாலைந்து நாள் தங்குவதென்றால் ஒரு ஈஸிலிங்க் அட்டை வாங்கிவிடுவது நிம்மதி. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அட்டையைத்தான் தொட வேண்டும், பேருந்தில் இறங்கும்போது தொட மறந்தால் கடைசி நிறுத்தம்வரைக்கும் காசு பிடித்துக்கொள்ளும்.

காரில் போகிறவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. அவர் வண்டி நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். நாம் ஒரு நிலையத்தில் இறங்கி, காட்டைக் குறுக்கே கடந்து, வேறு தடத்தில் உள்ள வேறு நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். அதனால் நான் எப்போதும் முடிகிற இடத்தை முதலில் தீர்மானிப்பேன்: எந்த நிலையம், அதன் பக்கத்தில் சாப்பாடு என்ன, பாதியில் களைத்தால் வெளியேற வழி எங்கே. தொடங்குகிற இடம் அப்புறம் தானாகவே அமையும்.

முதல் நடை: புக்கிட் தீமா

டௌன்டவுன் தடத்தில் பியூட்டி வோர்ல்டு நிலையம். 2015 கடைசியில் இந்தத் தடம் இந்தப் பக்கம் நீண்டதிலிருந்து காட்டுக்கு வருவது சுலபமாகிவிட்டது. வெளியே வந்து அப்பர் புக்கிட் தீமா சாலையோரமாக நடந்து, ஹிண்டிட் டிரைவ் என்ற சிறு தெருவில் திரும்பினால் அதன் கடைசியில் வருகையாளர் நிலையம். கழிப்பறை அங்கே இருக்கிறது. மேலே போனபிறகு தேட வேண்டாம், முடித்துவிட்டே ஏறுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மலாயில் புக்கிட் என்றால் குன்று, தீமா என்றால் வெள்ளீயம். ஆனால் இது முழுக்கக் கருங்கல் குன்று. அதனால்தான் சுற்றிலும் கல்குவாரிகள். ஒரு குவாரி இப்போது தண்ணீர் நிரம்பி, செங்குத்தான பாறைச் சுவரோடு அழகாகக் கிடக்கிறது. ஹிண்டிட் பூங்காவில் பத்து நிமிடம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

உச்சிக்குத் தார்ச்சாலை போகிறது. தார்தானே என்று அலட்சியம் வேண்டாம், தொடக்கமே நெஞ்சுக்கு நேராக எழும். முதல் ஏற்றத்தில் வேகம் காட்டாதீர்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு போக முடிகிற வேகம் போதும். உச்சியில் உயரம் பொறித்த பாறை ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் படம் எடுக்க வரிசையும் இருக்கும். காட்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை, மரங்கள் மறைத்துவிடும். உச்சியிலிருந்து ஊரையே பார்க்கலாம் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியது வழியில்தான் இருக்கிறது. இறங்கும்போது தார்ச்சாலையை விட்டுவிட்டு, படிகளும் பலகைகளும் உள்ள காட்டுப்பாதை ஒன்றைப் பிடியுங்கள். 2014இலிருந்து 2016 வரை இந்தக் காட்டை மூடிப் பாதைகளைச் சீரமைத்தார்கள். நடப்பவர்களின் காலடியில் மண் அரித்து வேர்கள் வெளியே வந்ததற்குத்தான் இந்தப் பலகைகள். ஒரு இடத்தில் நின்று ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள். அண்ணாந்தால் செராயா மரத்தின் உச்சி தெரியாது. பாதையோரச் செடிகளின் இலைகளைப் பாருங்கள், பல இலைகளின் நுனி வால்போல நீண்டிருக்கும். நம் அரச இலையின் வாலை நினைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் இலைமேல் தங்கிப் பாசி பிடிக்காமல் வடிந்துபோகத்தான் அந்த வால். மாமா அன்றைக்கு ஒரு இலையை விரலில் ஏந்தி, நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விழுந்ததும் அடுத்த சொட்டு திரளத் தொடங்கியது. "ஓட்டு வீட்டுக்குத் தாழ்வாரம் இறக்கின மாதிரி" என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. பறித்துவிடாதீர்கள் மாமா என்று மட்டும் சொன்னேன். ஒரு இலையைப் பறித்தாலும் இங்கே குற்றம். பாதையை விட்டு விலகுவதும் அப்படித்தான்.

பிரம்புக் கொடி கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கும். அதன் கொக்கி முள் சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், ஒரு அடி பின்வாங்கினால் தானாக விடும்.

வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. பின்பக்கம் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் இறங்கி ஹில்வியூ நிலையத்தில் ரயிலேறலாம். அங்கே வாலஸ் பெயரிலேயே ஒரு பாதை இருக்கிறது. எல்லாம் சேர்த்து நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். வயதானவர்களோடு போனால் உச்சி ஏறி இறங்கி, பியூட்டி வோர்ல்டுக்கே திரும்பிவிடுங்கள்.

இரண்டாவது நடை: காட்டைக் குறுக்கே கடந்து மெக்ரிட்சி நீர்த்தேக்கம்

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம், நீண்ட நடையும் தாங்கும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் அப்பர் தாம்சன் நிலையம், 2021 ஆகஸ்டில் திறந்தது. அங்கிருந்து வீனஸ் டிரைவ் வழியாக வின்ட்சர் இயற்கைப் பூங்காவுக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் சாலையின் இரைச்சல் அடங்கிவிடும். அதற்குப் பதில் சிள்வண்டுகள் காதைப் பிடித்துக்கொள்ளும்.

பலகைகளில் 'ட்ரீடாப் வாக்' என்ற பெயரைத் தொடர்ந்து போங்கள். அது இரண்டு குன்றுகளுக்கு நடுவே, மர உச்சிகளின் மட்டத்தில் தொங்கும் 250 மீட்டர் நீளப் பாலம். மிக உயர்ந்த இடத்தில் தரை 25 மீட்டர் கீழே. கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறை வந்தால் மட்டும் திறப்பார்கள். மற்ற வார நாள்களில் காலை 9 மணிக்கும், சனி ஞாயிறு எட்டரைக்கும் திறக்கும். ஏழரைக்கு நிலையத்தில் இறங்கி மெதுவாக நடந்தால் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். வழியில் வனக்காவலர் நிலையம் (ரேஞ்சர் ஸ்டேஷன்) வரும், கழிப்பறையும் உட்கார இடமும் உண்டு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பாலம் ஒருவழிப் பாதை. ஏறிவிட்டால் பயந்து திரும்ப முடியாது. அகலம் ஒரு ஆளுக்குத்தான், நடக்க நடக்க லேசாக ஆடும். உயரத்துக்கு அஞ்சுபவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுங்கள். மற்றவர்கள் நடுவில் நின்று மரக்கிளைகளைத் துழாவலாம். நீளமான இரண்டு வால் நுனிகளில் துடுப்பு மாட்டிய கரிச்சான் பறக்கும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இருப்பதுதான். அடிமரத்தில் சாம்பல் பச்சையாக, பட்டை பெயர்ந்த மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள், அது மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும் 'பறக்கும் லெமூர்' என்ற விலங்காக இருக்கலாம். பகல் முழுக்க அசையாமல் கிடக்கும். நான் பத்துத் தடவை போய் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் கண்டுபிடித்தது கூட வந்த குழந்தைகள்.

பாலம் முடிந்ததும் மரப்படிகள். கால் நடுங்குவது இங்கேதான், பாலத்தில் இல்லை. அதைத் தாண்டிக் காவலர் நிலையப் பக்கம் திரும்பி, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைக் காட்டும் பலகைகளைப் பிடியுங்கள். கரையோரப் பலகைப் பாதையில் இறங்கியதும் காற்று வரும், அதற்காகவே அந்த வழி. இந்த அணை 1868இல் கட்டியது, ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த முதல் நீர்த்தேக்கம். அதன் நீர்ப்பிடிப்புக்காகச் சுற்றிலும் காட்டை வெட்டவிடாமல் காத்ததால்தான் இன்றைக்கு நாம் நடக்கக் காடு இருக்கிறது.

மொத்தம் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். முடிவில் கால்டிகாட் அல்லது மேரிமவுண்ட் நிலையம். பாதியில் முடியவில்லை என்றால் பாலத்துக்குப் போகாமல் காவலர் நிலையத்திலிருந்தே வந்த வழி திரும்பிவிடலாம். பாலத்தைத் தாண்டியபின் எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான். முடிவெடுக்க வேண்டிய இடம் அந்தக் காவலர் நிலையம்.

குரங்கு

நீண்ட வால் குரங்குகள் இரண்டு காட்டிலும் உண்டு. ஒருமுறை என் அக்கா, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், முறுக்குப் பொட்டலத்தை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்து வந்தாள். பலகைப் பாதையின் கைப்பிடிக் கம்பியில் இருந்து ஒரு குரங்கு இறங்கியது. அவசரமே படவில்லை. வந்து, பையின் அடியைப் பிடித்து ஒரு இழு. பை கிழிந்து முறுக்கு பலகை முழுக்கச் சிதற, எங்கிருந்தோ இன்னும் ஏழெட்டு. அக்கா பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். முதுகுப்பை என்றால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடும். கண்ணுக்குள் முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், ஓடாதீர்கள். பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு மெதுவாக விலகுங்கள். ஊர்ப் பழக்கத்தில் வாழைப்பழம் நீட்டினால் அபராதம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும்.

பாம்பைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நான் அதிகம் பார்த்தது உடும்புதான், நம்மைக் கண்டால் அதுவே ஒதுங்கிவிடும். குளவிக் கூட்டைத்தான் கவனிக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையோ கட்டிய நாடாவோ இருந்தால் வேறு வழி பாருங்கள்.

மழை பிடித்துக்கொண்டால்

இடி கேட்ட உடனே பக்கத்துக் கூரையைத் தேடுங்கள்: வருகையாளர் நிலையம், காவலர் நிலையம், வழியில் உள்ள தங்குமிடங்கள். மின்னல் அபாயம் வந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள். பெரிய மரத்தடியில் ஒதுங்குவது நம் கைவந்த பழக்கம், இங்கே அது கூடாது. மின்னல் ஒரு பக்கம், ஊறிய மண்ணில் நிற்கிற மரமும் ஒடிந்த கிளையும் விழுவது இன்னொரு பக்கம். மழை விட்டதும் உடனே ஓடாமல் கால் மணி பொறுங்கள்.

வழியில் வருகிற ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் படம் எடுத்துக்கொண்டே போவது என் வழக்கம். யாராவது மயங்கினாலோ கால் பிசகினாலோ ஆம்புலன்ஸ் எண் 995ஐக் கூப்பிட்டு, கடைசியாகத் தாண்டிய பலகையின் பெயரைச் சொல்லலாம். "மரம் நிறைய இருக்கு, இடதுபக்கம் ஒரு வளைவு" என்று சொல்லி யாரையும் வரவழைக்க முடியாது. தலைவலி, குமட்டல், வியர்வை நின்று தோல் சூடாவது, இவற்றில் எது வந்தாலும் நடையை அங்கேயே நிறுத்துங்கள். நிழலில் உட்காரவைத்து, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றுங்கள். வியர்வை நின்றாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 995தான்.

கால் தேறியவர்களுக்கு

பழைய மலாயா ரயில் பாதை இப்போது 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. 2011 ஜூலை 1ஆம் தேதி முதல் அதில் ரயில் இல்லை. கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தையும் இரும்புப் பாலத்தையும் பார்த்துவிட்டு, தட்டையான பாதையிலேயே பியூட்டி வோர்ல்டு பக்கம் வரலாம். காடு என்று சொல்ல முடியாது, ஆனால் மாமா மாதிரி முழங்கால்காரர்களுக்கு இரண்டாம் நாள் நடைக்கு உகந்தது.

வெளியே வந்ததும்

ரயிலில் சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது, தண்ணீர்கூட. அதனால் நிலையத்துக்குள் நுழையும் முன் வயிறு முட்டக் குடித்துவிடுங்கள். சட்டையை மாற்றுங்கள். புக்கிட் தீமாவில் முடித்தால் பியூட்டி வோர்ல்டு சென்டரின் நான்காம் மாடியில் உணவங்காடி இருக்கிறது. அப்பர் தாம்சன் பக்கம் திரும்பினால் ரொட்டி புரோட்டா கடைகள்.

மாமா அன்றைக்கு நான்கு புரோட்டா சாப்பிட்டார். ஐந்தாவதுக்குக் கை நீட்டிக்கொண்டே, அடுத்த தடவை ஷூ வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். முஸ்தபாவிலேயே கிடைக்கும் என்றேன். அன்று சாயந்தரமே போய் வாங்கினோம்.